நுண்கணித வாயிலில் தமிழ் மாணவன்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இவ்வவையில் முன்னர் இலக்கணம் பேசியிருக்கிறேன்; ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இன்று கணக்குப் பேச வந்துள்ளேன். தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் முகம் வினவுகின்றது. வினவுக. கணக்கு நூல் எண்ணாலும் எழுத்தாலும் ஆயது. எண்ணைக் கணக்காசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்து என் பொறுப்பு.

கணக்கிலும் ஒரு பகுதியைப் பற்றியே பேசுவேன். வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் என இரண்டாக வழங்கும் நுண்கணிதத்தினுள் புகுமுன் மாணவன் கைவரப் பெற்றிருக்க வேண்டியன சில உள. சார்பு, பல்லுறுப்புக் கோவை, அடுக்கு, மடக்கை, முக்கோணவியல், கூம்பை வெட்டக் கிடைக்கும் வளைவுகள் என்பன அவை. அமெரிக்கக் கல்லூரிகளில் இவற்றை ஒருசேரத் தொகுத்து, நுண்கணிதத்திற்கு இன்னும் அணியமாகாத முதலாண்டு மாணவர்க்குத் தனிப்பாடமாகவே நடத்துகின்றனர். அவர்கள் அதனைப் 'பிரீகால்குலசு' என்பர். நாம் நுண்கணித முன்படிப்பு என்போம். 'கால்குலசு' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறு கல் என்பது பொருள். கூழாங்கல்லை வைத்து எண்ணிய பழக்கத்தால் வந்த பெயர். நம் கல்லும் அவர்தம் கால்குலசும் ஓரினமோ என்று முன்வரிசை நண்பர் கேட்கத் துடிப்பது தெரிகின்றது. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு உறவு கொண்டாடுதல் வேண்டா, ஐயா. அதற்குச் சான்று வேறு வேண்டும். அதனை இன்று விட்டுவிடுவோம்.

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு வரை இம் முன்படிப்பிற் பெரும்பகுதி கல்லூரியின் புகுமுக வகுப்பில் இருந்தது. அவ்வாண்டு மேல்நிலைக் கல்வி வந்தபின் அது பள்ளிக்கு இறங்கியது. அன்று தொட்டுத் தமிழ்வழி மாணவன் மடக்கையும், முக்கோணவியலும், எல்லையும், வகைக்கெழுவும், தொகையீடும் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வெழுதித் தேறி வருகின்றான். உயர்கணிதம் தமிழில் இயலுமா என்று இன்றும் கேட்பவர் உளர். ஓடுகின்ற ஆற்றின் கரையில் நின்றுகொண்டு நீர் ஓடுமா என்று கேட்பவர்க்கு என்ன விடை சொல்வது?

ஆனால், கல்லூரிக்குள் அவன் கால் வைத்தவுடன் நடப்பது யாது? பன்னிரண்டாண்டு அவன் பொருளுணர்ந்து பழகிய சொற்கள் அனைத்தும் ஒரே நாளில் பறிக்கப்படுகின்றன. சார்பு 'பங்சன்' ஆகின்றது. மடக்கை 'லாக்' ஆகின்றது. கெழு 'கோயெபிசியன்ட்டு' ஆகின்றது. ஆசிரியர் முதல் வாரத்திலேயே, இவையெல்லாம் நீங்கள் பள்ளியிற் படித்தவைதாமே என்று சொல்லி நுண்கணிதத்திற்குத் தாவிவிடுகின்றார். அவர் சொல்வது உண்மை. படித்தவைதாம். ஆனால் இப்பெயர்களாற் படிக்கவில்லை.

2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் வந்தது. அதனால், தம் குடியிற் கல்லூரி கண்டவரே இல்லாத பிள்ளைகள் பலர் பொறியியற் கல்லூரிக்குள் நுழைந்திருக்கின்றனர். என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் அவ்வாறு நுழைந்தவன். சென்ற ஆண்டு ஒரு சான்றிதழிற் கையொப்பம் வேண்டி வந்தான். படிப்பு எப்படி என்றேன். முதற்பருவக் கணக்குத் தாள் நிலுவை என்றான். இரண்டாம் முறையும் எழுதித் தவறிவிட்டானாம். "தம்பி, லாக் என்றால் என்ன?" என்று கேட்டேன். "கணிப்பானில் ஓர் அழுத்தான், ஐயா" என்றான். அவன் நகையாடவில்லை, உள்ளபடியே சொன்னான். "மடக்கை என்றால்?" என்றேன். "ஓர் எண்ணைப் பெற அடிமானத்தை எத்தனை அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ, அந்த அடுக்கு" என்று தங்குதடையின்றிச் சொன்னான். இரண்டும் ஒன்றே என்பதும் அவனுக்குத் தெரியும். ஆயினும், தேர்வுத் தாளில் 'லாக்' என்று கண்டவுடன் அவன் கை அழுத்தானைத் தேடுகிறதே ஒழிய, உள்ளம் அடுக்கைத் தேடவில்லை.

இவ்விடத்திற் சற்று நின்று பார்க்க வேண்டும். மடக்கை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வேட்டியொன்றை ஒருமுறை மடித்தால் இரண்டு படை. மீண்டும் மடித்தால் நான்கு. மூன்றாம் மடிப்பில் எட்டு. எட்டுப் படை கையில் இருக்கின்றது. எத்தனை முறை மடித்தாய் என்று கேட்டால் மூன்று என்கிறோம். அம் மூன்றே இரண்டை அடிமானமாகக் கொண்ட எட்டின் மடக்கை. மடி, மடங்கு, மடக்கு, மடக்கை எல்லாம் ஒரு வேரிற் கிளைத்தவை. இருமடி, மும்மடி என்று நம் பாட்டன்மார் சொன்னதும் அதுவே. மேலும் பாருங்கள். மூன்று முறை மடித்த துணியை இன்னும் இரண்டு முறை மடித்தால் மடிப்பு ஐந்து. படையோ எட்டை நான்காற் பெருக்கிய முப்பத்திரண்டு. படைகள் பெருகுகின்றன, மடிப்புகளோ கூடுகின்றன. பெருக்கலைக் கூட்டலாக்குவதே மடக்கையின் ஆற்றல் என்னும் முதல் விதி, வேட்டி மடிக்கத் தெரிந்த எவனுக்கும் விளங்கிவிட்டது! பத்து முறை மடிக்க இயலுமாயின் படை 1024. ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பத்து என்னும் சிறிய எண் ஆட்டிப் படைப்பதை மாணவன் அங்கே காண்கிறான்.

'லாகரிதம்' என்னும் சொல்லோ ஆங்கிலச் சொல்லே அன்று. இசுக்காத்துலாந்தைச் சேர்ந்த நேப்பியர் 1614இல் இலத்தீன் மொழியில் எழுதிய நூலுக்காகக் கிரேக்கச் சொல் இரண்டை ஒட்டி ஆக்கியது அது. விகிதம் என்பதும் எண் என்பதும் அவ்விரண்டின் பொருள். ஆங்கில மாலுமிகளுக்கு இலத்தீன் தெரியாது. எனவே எட்வர்டு இரைட்டு என்பார் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். 1616இல் அது வெளிவந்தது. இன்று நமக்கு ஆங்கிலமே கணக்கின் தாய்மொழி போலக் காட்டப்படுகின்றது. அந்த ஆங்கிலமும் மடக்கையை மொழிபெயர்ப்பின் வழியாகவே பெற்றது. நுண்கணித முன்படிப்பு முழுவதையும் ஒரு நூலாக யாத்தவர் ஆய்லர். 1748இல் வந்த அந்நூலும் இலத்தீனே. சார்பைக் கணக்கின் நடுவில் நிறுத்தியவர் அவர்.

சொல்லின் பொருள் மறைந்தால் என்ன கேடு வரும் என்பதற்கு 'சைன்' தக்க எடுத்துக்காட்டு. வட்டத்தின் ஒரு பகுதியை நாம் வில் என்கிறோம். வில்லின் இரு முனைகளையும் சேர்க்கும் கோட்டை நாண் என்கிறோம். இவை இன்றும் நம் பள்ளிப் பாடநூல்களில் உள்ள சொற்கள். பண்டை வடமொழிக் கணக்கரும் அதனைத் தம் மொழியில் வில்லின் நாண் என்றே வழங்கினர். முழு நாணினும் பாதி நாணே கணக்கிடற்கு எளிது என்று கண்டு அதற்கு அட்டவணையும் செய்தனர். அப்பெருமை அவர்க்குரியது, நாம் மறுக்க வேண்டுவதில்லை. அச்சொல்லை அரபியர் ஒலிபெயர்த்து எழுதினர். அவர்தம் எழுத்தில் உயிர்க்குறி இடாமல் எழுதும் வழக்கம் உண்டு. பின்வந்தோர் அதனை மடிப்பு, மார்பு என்னும் பொருளுடைய வேறோர் அரபிச் சொல்லாகப் படித்துவிட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனிற் பெயர்த்தவர்கள் அப்பொருளையே கொண்டு 'சைனசு' என்றனர். அதன் குறுக்கமே இன்றைய 'சைன்'. வில்லும் போயிற்று, நாணும் போயிற்று, தவறாகப் படிக்கப்பட்ட ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு நின்றது.

பொருளற்ற ஒலியாக அது நின்றதால் மாணவன் என் செய்கிறான்? அம்மூன்றெழுத்தை ஒரு பெருக்கெண்ணாகக் கருதுகிறான். முப்பது பாகையும் முப்பது பாகையும் கூட்டிய கோணத்தின் சைன் யாது என்றால், ஒவ்வொன்றின் சைனையும் தனித்தனியே எடுத்துக் கூட்டுகிறான். முப்பது பாகையின் சைன் 0.5. இரண்டைக் கூட்டினால் 1. ஆனால் அறுபது பாகையின் சைன் ஏறத்தாழ 0.866. நாண் என்று அவன் எண்ணிப் பார்த்திருப்பானாயின், வில்லை இரட்டித்தால் நாண் இரட்டிக்காது என்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும். இப்பிழையை ஆங்கிலச் சிறுவனும் செய்கிறான் என்று கணக்காசிரியர் சொல்வர். ஆம், செய்கிறான். அவனுக்கும் அது பொருளற்ற ஒலிதானே!

இன்னும் ஒன்று. முன்படிப்பிலிருந்து நுண்கணிதத்துக்குச் செல்லும் வாயிலில் நிற்கும் ஓர் எல்லை உண்டு. கோணம் சிறுத்துக்கொண்டே போகும்போது, கோணத்தின் சைனைக் கோணத்தால் வகுத்தால் அவ்வீவு ஒன்றை நெருங்கும் என்பது அது. மாணவர் இதனை உருப்போடுகின்றனர். நாணும் வில்லும் என்று சொல்லிப் பாருங்கள். வில் சிறிதாகச் சிறிதாக நாண் வில்லோடு ஒட்டிக் கிடக்கின்றது. இரண்டின் நீளமும் வேறுபாடு தெரியாதபடி ஒன்றாகின்றன. ஆரையின் நீளமுள்ள வில் வட்ட நடுவில் தாங்கும் கோணத்தை ஓர் அலகாகக் கொள்க. கோணம் 1 ஆனால் சைன் 0.8415, கோணம் 0.1 ஆனால் சைன் 0.0998. நெருக்கம் தெரிகின்றதா? கோணத்தைப் பாகையில் அளக்காமல் ஆரையால் அளப்பது ஏன் என்பதும் இங்கேயே விளங்கும். வில்லை அளந்தாலன்றோ நாணோடு ஒப்பிட முடியும்!

அப்படியானால் சைனுக்கு அரைநாண் என்றே பெயரிடலாமே என்பீர். இடலாம். ஆனால் அரைநாண் என்றவுடன் வகுப்பு முழுதும் இடுப்புக் கயிற்றை எண்ணிச் சிரிக்கும். நாணரை எனலாம் என்பது என் கருத்து. அறிஞர் வேறு நற்சொல் தரின் ஏற்பேன். சொல் முடிவாகும் வரை வகுப்பை நிறுத்தி வைக்க மட்டும் ஒப்பேன். அதுகாறும் சைன் என்றே எழுதிக்கொண்டு நாண் என்று விளக்குக.

பிற நாட்டார் என் செய்தனர்? இராபர்ட்டு இரெக்கார்டு என்னும் வேல்சுநாட்டு மருத்துவர் 1551இல் வடிவக்கணக்கை ஆங்கிலத்தில் எழுதினார். இலத்தீனச் சொற்களை அப்படியே இறக்காமல் மக்கள் சொல்லால் ஆக்கினார். இணைகோடுகளுக்கு இரட்டைக் கோடுகள் என்னும் பொருளுள்ள சொல். வட்டத்தைத் தொடும் கோட்டுக்குத் தொடுகோடு என்றே பொருள்படும் சொல். குறுங்கோணத்துக்குக் கூர்மூலை என்னும் சொல். நம் இணைகோட்டையும் தொடுகோட்டையும் கண்டு எள்ளிய ஆங்கிலப் பற்றாளர் இதனை அறிவரா? சமன்பாட்டில் நாம் இன்றிடும் இரட்டைக் கோட்டுக் குறியும் 1557இல் அவர் எழுதிய ஆங்கில நூலிலேதான் முதன்முதல் அச்சேறியது. ஆங்கிலர் பின்னர் அவர்தம் சொற்களைக் கைவிட்டு இலத்தீனுக்கே திரும்பினர். அதனை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் ஆலந்து நாட்டார் திரும்பவில்லை. பதின்மப் பின்னத்தை விளக்கும் நூலை 1585இல் தம் தாய்மொழியில் எழுதிய சைமன் இசுட்டெவின் ஆக்கிய சொல்வழி வந்ததே, இன்றும் அந்நாட்டார் கணக்கியலுக்கு வழங்கும் 'விசுகுண்டே' என்னும் பெயர். உறுதியான அறிவு என்பது அதன் கருத்து. இலைடன் நகரில் 1600இல் தொடங்கிய பொறிஞர் பள்ளியில் கணக்கு அந்நாட்டு மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் இலத்தீன் பேசிய காலத்தில், கோட்டை கட்டுவோனுக்கும் நிலம் அளப்போனுக்கும் தாய்மொழி வேண்டும் என்று துணிந்தனர்.

சீனத்தில் 1859இல் இலி சன்லான் என்னும் கணக்கறிஞரும் வைலி என்னும் ஆங்கிலரும் சேர்ந்து அமெரிக்க நுண்கணித நூல் ஒன்றைப் பெயர்த்தனர். நுண்ணிதாய்ப் பகுத்தல் என ஒன்றுக்கும், பகுத்தவற்றைத் திரட்டுதல் என மற்றொன்றுக்கும் பெயர் வைத்தனர். சப்பானியரும் அவற்றையே இன்றளவும் வழங்குகின்றனர். நம் வகையும் தொகையும் அவைபோல்வன. தொகை, வகை, விரி என்று நூலியற்றும் முறை கூறியவர் நம் இலக்கண ஆசிரியர். கெழு என்பதும் கெழுமுதல், பொருந்துதல் என்னும் பொருளது. மாறியோடு பொருந்தி நிற்கும் எண் கெழு. இச்சொற்களை ஆக்கியோர் தமிழ் கற்றவர், கணக்கும் கற்றவர். அவர்க்கு நாம் நன்றி சொன்னதில்லை.

அவர்களுக்கும் முன்னோர் உளர். யாழ்ப்பாணத்துக் கறல் விசுவநாதர் 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பெயர் வடசொல், உள்ளே இருந்தது இயற்கணிதம். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857இல். அதன் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவர் நம் சி.வை. தாமோதரனார். அஃதாவது, சென்னையிற் பல்கலைக்கழகம் தோன்றுமுன்பே தமிழில் இயற்கணித நூல் இருந்தது! பின்னர், 1916இற் சேலத்தில் கலைச்சொற்கழகம் ஒன்று கண்டு அதற்கென இதழும் நடத்தினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்றொகுதி வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைந்த அரசுக் குழு வடசொற்களைப் புகுத்த முயன்றதும் தமிழறிஞர் எதிர்த்ததும் நீங்கள் அறிந்தவை.

இனி நம்மவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் சொல் ஆக்குவதில் காட்டும் விரைவை நூல் ஆக்குவதிற் காட்டவில்லை. சொற்பட்டியலை அச்சிட்டு மேடையில் வெளியிட்டு மாலை சூடிக்கொள்கிறோம். அச்சொல்லைக் கொண்டு நூறு கணக்கைச் செய்து காட்டும் நூல் எங்கே? தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களிற் கல்லூரிக்கென நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. வாங்குவாரின்றிக் கிடந்தவை பல. அண்மை ஆண்டுகளில் அவை மின்வடிவம் பெற்றுள்ளன. யாரும் எடுத்துப் படிக்கலாம். எத்தனை பேர் எடுத்தோம்? 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது கைதட்டினோம். அதிற் சேர்ந்த மாணவன் கையில் எந்நூல் இருக்கின்றது என்று கேட்டோமா?

ஒருமை இன்மையும் ஒரு குறை. ஈழத்தில் மேல்வகுப்புக் கணக்கை நெடுங்காலமாகத் தமிழிலேயே கற்கின்றனர். வெக்டர் என்று நம் பாடநூல் எழுதும் இடத்தில் அவர்கள் காவி என்கின்றனர். காவுதல் சுமந்து செல்லுதல். காவடி அதன் வழியது. வெக்டர் என்னும் இலத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்வோன் என்பதே பொருள். இதனினும் பொருத்தமான சொல் யார் தரமுடியும்? நம் அணி அவர்க்குத் தாயம். நம் கெழு அவர்க்குக் குணகம். இதில் நம் சொல்லே நன்று என்பேன். நம் ஆரம் அவர்க்கு ஆரை. இதில் அவர்தம் சொல்லைக் கொள்வேன். இருகரையாரும் ஒருங்கமர்ந்து ஐந்நூறு சொற்களை ஒத்துக்கொள்ள ஒரு திங்கள் போதும்.

தேர்வு ஆங்கிலத்தில், வேலை ஆங்கிலத்தில். இவர் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று யாரேனும் வெளியே பேசக்கூடும். ஆங்கிலச் சொல்லை அவன் அறிய வேண்டா என்று நான் சொல்லவில்லை. தேர்வுத் தாளைப் படிக்க அது வேண்டும். உலகப் பொதுக் குறியீடுகளோடும் எனக்குப் பூசலில்லை. பொருள் தமிழில் விளங்கியபின் 'லாக்' என்று எவ்வெழுத்தில் எழுதினாலும் அவன் உள்ளம் மடிப்பை எண்ணும். பொருள் விளங்காதவனுக்கு ஆங்கிலச் சொல்லும் வராது; கணக்கும் வராது; தாள் நிலுவையாய் நிற்கும். மூன்று தாள் நின்றவன் படிப்பை விட்டுக் கூலிவேலைக்குச் சென்றதை நம் தெருக்களிலே காண்கிறோம்.

ஆகவே நான் வேண்டுவது சிறிய பணி. நூறு பக்க அளவில் நுண்கணித முன்படிப்பு நூல் ஒன்று. ஆறே இயல்கள். விளக்கம் தமிழில், பக்கத்திலே கல்லூரியில் வழங்கும் ஆங்கிலச் சொல், தமிழெழுத்தில். ஒவ்வோர் இயலிலும் செய்து காட்டிய கணக்கு இருபது, செய்து பார்க்க வேண்டியது நாற்பது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள விடுமுறையில், ஞாயிறுதோறும் இம்மன்றத்திலேயே அதனைக் கற்பிக்கலாம். கட்டணம் இல்லை. நிலுவைத் தாள் உள்ளவரும் வரலாம். முன்பு சொன்ன மாணவன் வருவதாக ஒப்பியுள்ளான்.

சார்பு என்னும் முதல் இயலுக்கு ஓய்வுபெற்ற கணக்காசிரியர் இருவர் கணக்குகளைத் திரட்டி வருகின்றனர். மொழிநடையை நான் பார்த்துக்கொள்வேன். மடக்கைக்கும் முக்கோணவியலுக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் நூல் விற்கும் மேசையருகே இருப்பேன். இங்கு வந்துள்ள கணக்காசிரியர்கள் தம் பெயரையும் எடுத்துக்கொள்ளும் இயலையும் அங்குள்ள குறிப்பேட்டில் எழுதித் தருக.